ரீஃப் தொட்டிக்குச் சத்தம் போடாத, கரண்ட் தின்னாத பம்ப்: அளப்பதில் தொடங்கி பொருத்துவது வரை

"ஏம்ப்பா, ராத்திரி ரெண்டு மணிக்கு யாருக்கு மாவு அரைக்கிறீங்க?"

கீழ்வீட்டு மாமி கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் வீட்டில் கிரைண்டர் ஞாயிறு காலையில் மட்டும்தான் ஓடும். மாமி வீட்டு ஹாலில் போய் நின்ற பிறகுதான் விளங்கியது. ம்ம்ம்ம் என்று ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம், சுவரிலிருந்து வருவது போல. எங்கள் ஹாலில் இருக்கும் ரீஃப் தொட்டியின், அதாவது பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியின், பம்ப்தான் அது. மேலே மின்விசிறி ஓடும் சத்தத்தில் எங்களுக்கு அது கேட்டதே இல்லை. பைப் வழியாக அலமாரிக்கும், அங்கிருந்து தரைக்கும் இறங்கி, மாமியின் கட்டில்வரை போயிருக்கிறது.

அந்த பம்ப் பெட்டியில் "சைலண்ட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பம்ப்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தொட்டிக்குத் தேவையானதைவிட மூன்று மடங்கு பெரிய பம்ப்பை வாங்கி, வால்வைப் பாதி மூடி, பைப்பை இறுக்கி ஒட்டி வைத்தது நான்தான். அதற்குப் பிறகு இரண்டு பம்ப் மாற்றிக் கற்றதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

எந்த பம்ப்பைப் பற்றிப் பேசுகிறோம்?

ரீஃப் தொட்டியில் தண்ணீரைத் தள்ளும் கருவிகள் குறைந்தது மூன்று இருக்கும். தொட்டிக்குள் அலை உண்டாக்கும் வேவ்மேக்கர் ஒன்று. தண்ணீரின் அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரோடு சேர்ந்தே வரும் பம்ப் இன்னொன்று. மூன்றாவது, அலமாரிக்குள் இருக்கும் சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே தொட்டிக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்ப். (சம்ப் என்றதும் லாரித் தண்ணீர் இறக்கும் வாசல் தொட்டி நினைவுக்கு வரும். இது அதன் பேரப்பிள்ளை. வேலை அதேதான், அளவுதான் சின்னது.)

வருஷம் முழுக்க ஒரு நிமிடம் நிற்காமல், ஒரு மீட்டருக்கு மேல் உயரத்துக்குத் தண்ணீர் தூக்கி ஓடுவது ரிட்டர்ன் பம்ப்தான். பெரும்பாலும் கரண்ட் பில்லும் ரீங்காரமும் இதிலிருந்துதான் வரும். இந்தக் கட்டுரை இதைப் பற்றி மட்டும்.

போகிற போக்கில் ஒன்று. "ராமேஸ்வரம் பக்கத்துக் கடல்லேர்ந்து எடுத்தது சார்" என்று யாராவது பவளம் விற்க வந்தால் வாங்காதீர்கள். நம் கடலின் கல்பவளங்கள் எல்லாம் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை.

முதல் படி: எவ்வளவு ஓட்டம் வேண்டும்?

குறைவாகத்தான் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ரீஃப் என்றாலே பலத்த ஓட்டம் வேண்டும் என்று கேள்விப்பட்டு, அதை ரிட்டர்ன் பம்ப்பிடம் எதிர்பார்க்கிறார்கள். பவளத்துக்கு வேண்டிய அலையை வேவ்மேக்கர் தரும். அதற்குத் தூக்கும் வேலை இல்லை என்பதால், சில வாட்டிலேயே ஆயிரக்கணக்கான லிட்டரைப் புரட்டிவிடும். அதே ஓட்டத்தை ரிட்டர்ன் பம்ப்பிலிருந்து எடுக்கப் பார்ப்பது, மொட்டைமாடித் தொட்டியை நிரப்புகிற மோட்டாரை வைத்து அறைக்குக் காற்று வாங்குவது போல.

தொட்டியின் தண்ணீர் மணிக்கு மூன்றிலிருந்து ஐந்து முறை சம்ப் வழியாகப் போய் வந்தால் போதும். என் தொட்டி 90 செ.மீ. நீளம், 45 அகலம், 50 உயரம். கணக்குப்படி 202 லிட்டர். கல்லும் மணலும் அடைத்துக்கொண்டது போக 180 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து மடங்கு என்றால் 900. தொட்டி வளர்ந்து பைப்புக்குள் அழுக்கு படிந்த பிறகும் குறையாமல் இருக்க, மணிக்கு 1000 லிட்டர் என்று முடிவு செய்தேன். இனிவரும் கணக்கெல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான்.

இரண்டாம் படி: உயரத்தை அளப்பது

டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பம்ப் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அளக்கக் கூடாது. சம்ப்பின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் நீர்மட்டம்வரை அளக்க வேண்டும். பம்ப் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது கணக்கில் வராது. என் வீட்டில் சம்ப் நீர்மட்டம் தரையிலிருந்து 30 செ.மீ., தொட்டியின் நீர்மட்டம் 138 செ.மீ. வித்தியாசம் 108.

மூன்றாம் படி: பைப்பில் போகும் இழப்பு

பைப்பும், அதைத் திருப்பும் எல்போ என்ற வளைவுத் துண்டுகளும் தண்ணீரைத் தடுக்கும். அந்தத் தடையையும் உயரமாகவே கணக்கிடுவார்கள். "ஒரு எல்போவுக்கு ஒரு அடி உயரம் சேர்த்துக்கோங்க" என்று கடையில் சொல்வார்கள். நம் அளவுத் தொட்டிகளுக்கு இது மிகை. 20 மி.மீ. உள்விட்டமுள்ள பைப்பில் மணிக்கு 1000 லிட்டர் போனால், ஒரு எல்போவில் போகும் இழப்பு நாலு செ.மீ. அளவுதான். மூன்று எல்போ, ஒன்றரை மீட்டர் பைப் எல்லாம் சேர்ந்து 20 செ.மீ. சுமாருக்கு வரும்.

யாரும் கவனிக்காத திருடன் வேறொருவன்: நாசில். தொட்டிக்குள் தண்ணீர் பீய்ச்சும் அந்த மூக்கு 12 மி.மீ. என்றால், அது ஒன்றே 30 செ.மீ. உயரத்துக்குச் சமம். நாசிலை இரண்டாகப் பிரியுங்கள், அல்லது அகலமானதாகப் போடுங்கள். மொத்த எல்போ இழப்பைவிட அதிகமாக மிச்சமாகும்.

இந்த இழப்பு ஓட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். 1000 லிட்டரில் 50 செ.மீ. இழப்பு என்றால், அதே பைப்பில் 2000 லிட்டர் தள்ளப் பார்த்தால் இரண்டு மீட்டர். பெரிய பம்ப் போட்டும் ஓட்டம் பெரிதாகக் கூடவில்லையே என்று நான் தலையைச் சொறிந்ததற்குக் காரணம் இதுதான். பைப்பின் விட்டம் இதைவிட மோசமாகப் பழிவாங்கும். 25 மி.மீ. போட வேண்டிய இடத்தில் 20 போட்டால் உராய்வு மூன்று மடங்கு. பம்ப்பின் வாய் முக்கால் இஞ்ச்தானே என்று பைப்பையும் முக்காலாகவே ஓட்டிவிடாதீர்கள். பம்ப் வாயை விட்டதும் ஒரு ரெடியூசர் (இரண்டு அளவு பைப்பை இணைக்கும் துண்டு) வைத்து ஒரு இஞ்சுக்கு மாறிவிடுங்கள். செலவு ஐம்பது, நூறு ரூபாய்க்குள்.

ஆக, என் தேவை: 108 + 20 + 30, ஏறக்குறைய 1.6 மீட்டர் உயரத்தில் மணிக்கு 1000 லிட்டர். பம்ப் வாங்கப் போகும்போது கையில் இருக்க வேண்டிய சீட்டு இந்த ஒரு வரிதான்.

நான்காம் படி: பெட்டியில் உள்ள எண்களைப் படிப்பது

பெட்டியில் இரண்டு எண்கள் பெரிதாக இருக்கும்: அதிகபட்ச ஓட்டம், அதிகபட்ச உயரம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கவே முடியாது. அதிகபட்ச ஓட்டம் என்பது உயரமே இல்லாமல் அதே மட்டத்தில் தள்ளும்போது. அதிகபட்ச உயரம் என்பது ஒரு சொட்டும் வெளியே வராமல் பைப்புக்குள் தண்ணீர் நின்றுவிடும் இடம். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில்.

உதாரணத்துக்கு, ஒரு கம்பெனியில் 2.0, 3.0 என்று இரண்டு மாடல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2.0 மாடலின் எண்கள் 2150 லிட்டர், 2.4 மீட்டர், 32 வாட். 3.0 மாடலுக்கு 2700 லிட்டர், 3 மீட்டர், 45 வாட். எனக்கு வேண்டிய ஆயிரத்துக்கு இரண்டுமே இரட்டைக்கு மேல் போலத் தோன்றும். ஆனால் 1.6 மீட்டர் என்பது 2.0 மாடலின் உச்ச உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அங்கே பாதி ஓட்டம் வந்தால் சந்தோஷப்பட வேண்டும். அதாவது தேவைக்குச் சரியாக விளிம்பில். 3.0 மாடலுக்கு அது உச்சத்தின் பாதிக்குக் கொஞ்சம் மேல், சௌகரியமான இடம்.

ஒவ்வொரு நல்ல பம்ப்புக்கும் உயரத்துக்கு எதிராக ஓட்டத்தைக் காட்டும் வளைகோடு ஒன்று உண்டு. பெட்டியின் பக்கவாட்டிலோ உள்ளிருக்கும் கையேட்டிலோ இருக்கும். உங்கள் உயரத்திலிருந்து ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, வளைகோட்டை எங்கே தொடுகிறது என்று பாருங்கள். கோட்டின் நடுப்பகுதியில் விழுந்தால் நல்லது. பம்ப் அங்கேதான் நிம்மதியாக ஓடும். இரண்டு கோடிகளிலும் சத்தமும் வீணும் அதிகம். வளைகோடே தராத பம்ப் என்றால் நான் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவேன்.

ஐந்தாம் படி: ஏசியா, டிசியா?

இங்கே ஏசி என்றால் குளிர்சாதனம் இல்லை, வீட்டுச் சுவரில் வரும் மின்சாரம். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சத்தம், செலவு இரண்டின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

ஏசி பம்ப்புக்குள் நகரும் பாகம் ஒன்றே ஒன்று: செராமிக் தண்டில் சுழலும் ஒரு காந்த உருளை, அதன் தலையில் இறக்கை. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால் உருளை நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அதைச் சுற்ற வைக்கும் கம்பிச் சுருளின் காந்த இழுப்பு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். அந்த 100தான் மாமி கேட்ட ம்ம்ம். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும், பழைய டியூப்லைட் சோக்கும் இதே சுருதியில்தான் பாடும்.

இன்னொரு விஷயம். சாதாரண ஏசி பம்ப்பின் உருளைக்கு எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று தெரியாது. ஸ்விட்ச் போட்டதும் 'டக்' என்று ஒரு உதறு உதறி, ஏதாவது ஒரு பக்கம் கிளம்பும். இரண்டு திசைக்கும் பொருந்த வேண்டும் என்பதால், அதன் இறக்கைகளை வண்டிச் சக்கரத்து ஆரக்கால் போல நேராக வைத்திருப்பார்கள். தண்ணீரை வழுக்கி அனுப்பும் வளைந்த இறக்கை அங்கே வைக்க வழியில்லை. திறன் குறைவதற்கு இது பெரிய காரணம்.

டிசி பம்ப்பில் ஒரு கன்ட்ரோலர் இருக்கும். அது உருளையை ஒரே திசையில், நாம் சொல்லும் வேகத்தில் சுற்ற வைக்கும். திசை நிச்சயம் என்பதால் இறக்கையை வளைக்கலாம். கன்ட்ரோலர் தரும் அலை வழுவழுப்பான சைன் அலையாக இருந்தால் ரீங்காரம் அநேகமாக இல்லாமலே போய்விடும். மலிவான சிலவற்றில் படிக்கட்டு போன்ற சதுர அலை வரும். அவை கொசு போல மெல்லிய கீச்சுக் குரலில் பாடும். சிலருக்கு அது ஏசி பம்ப்பைவிட எரிச்சல்.

வேகத்தைக் குறைப்பதில் உள்ள லாபம் அபாரம். வேகத்தைக் குறைத்தால் ஓட்டம் அதே விகிதத்தில் குறையும். ஆனால் மின்சாரம் அதன் மும்மடியில் குறையும். 80 சதவீத வேகத்தில் ஓடும் பம்ப் ஏறக்குறைய பாதி வாட்தான் எடுக்கும். அதனால்தான் "ஒரு சைஸ் பெரிய டிசி பம்ப்பாக வாங்கி மெதுவாக ஓட்டு" என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

சொல்வது சரி, ஆனால் முழுதாகச் சொல்வதில்லை. வேகத்தைக் குறைத்தால் பம்ப் தூக்கும் உயரம் வர்க்கத்தில் விழும். 3.5 மீட்டர் தூக்கும் பம்ப்பை 60 சதவீதத்தில் வைத்தால் அதன் உச்சம் 1.26 மீட்டர். என் தொட்டி 1.08 மீட்டர் மேலே இருக்கிறது. நாசிலில் தண்ணீர் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். அதே பம்ப்பை 80க்கு ஏற்றினால் 2.24 மீட்டர், இப்போது எனக்கு வேண்டிய 1.6 தாராளமாகக் கிடைக்கும். எனவே டிசி வாங்கும்போது லிட்டரைவிட மீட்டரைப் பாருங்கள். உங்கள் தேவை உயரத்தைப்போல் இரண்டு மடங்கு உச்சம் இருந்தால்தான் வேகத்தைக் குறைக்க இடம் இருக்கும். கன்ட்ரோலர் திரையில் தெரியும் சதவீதம் சுத்தமாக வேகத்தைத்தான் குறிக்கிறதா என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த எண்ணை நம்பாமல் நாசிலில் வரும் தண்ணீரைப் பாருங்கள்.

அப்போ ஏசி வேண்டவே வேண்டாமா? அப்படியும் சொல்ல மாட்டேன். ஏசி பம்ப்பில் கெட்டுப்போகப் பெரிதாக எதுவும் இல்லை. ஜெர்மனியின் ஏஹைம் பம்ப்புகள் பத்து, பதினைந்து வருஷம் ஓடியும் உருளை மட்டும் மாற்றி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். டிசியில் பம்ப் நன்றாக இருக்கும்போதே கன்ட்ரோலர் போய்விடும். உப்புக் காற்று எலக்ட்ரானிக்ஸுக்கு எமன். என் அபிப்பிராயம்: நூறு லிட்டருக்கு உட்பட்ட தொட்டிக்கு, தேவைக்குச் சரியாகப் பொருந்தும் சின்ன ஏசி பம்ப் போதும். அதற்கு மேல் டிசி. படுக்கையறையில் தொட்டி என்றால் அளவு எதுவானாலும் டிசி.

ஆறாம் படி: வாட் கணக்கு

மணிக்கு 1000 லிட்டர் உப்புநீரை 1.6 மீட்டர் தூக்க இயற்பியல்படி தேவையான சக்தி நாலரை வாட். ஆமாம், நாலரை! ஒரு சின்ன எல்இடி பல்பு. மற்றதெல்லாம் சூடாகவும் சத்தமாகவும் போகிறது. 45 வாட் பம்ப் பத்தில் ஒன்றைத்தான் வேலையாக்குகிறது. 25 வாட்டில் அதே வேலையைச் செய்யும் பம்ப் கிடைத்தால் அது கெட்டிக்காரப் பம்ப்.

ஒரு வாட் கருவி வருஷம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 65 வாட் பம்ப் வருஷத்துக்கு 569 யூனிட். நம் ஊர் இரண்டு மாத பில்லில் 95 யூனிட். 25 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 36. தமிழ்நாட்டில் இலவசமாக வரும் முதல் யூனிட்டுகளை ஃப்ரிட்ஜும் மின்விசிறியுமே தீர்த்துவிடும். பம்ப் எடுக்கும் யூனிட் எப்போதும் பில்லின் உச்சியில், விலை அதிகமான படியில்தான் போய் உட்காரும். மொத்தம் 500ஐத் தாண்டும் வீடு என்றால் இன்னும் வலிக்கும்.

தண்ணீருக்குள் இருக்கும் பம்ப்பின் வாட் ஏறக்குறைய முழுவதும் தண்ணீரில்தான் சூடாக இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 180 லிட்டர் தொட்டியில் 65 வாட், வெப்பம் வெளியே போகாவிட்டால், மணிக்கு 0.3 டிகிரி ஏற்றிவிடும். பவளத்துக்கு 25, 26 டிகிரி வேண்டும். மே மாதத்துச் சென்னை ஹாலில் அது தானாக நடக்காது. பம்ப் கொட்டிய சூட்டை, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் திரும்பவும் கரண்ட் செலவழித்து வெளியே இறைக்கும். ஒரே சூட்டுக்கு இரண்டு முறை பில். சில்லரை ரிட்டர்ன் பைப்பிலேயே இணைப்பவர்கள், அதற்குள் இருக்கும் சுருளின் தடையையும் மூன்றாம் படிக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வெளியே வைக்கும் பம்ப் போட்டால் மோட்டார் சூட்டில் ஒரு பங்கு காற்றுக்குப் போகுமே என்பார்கள். உண்மைதான். ஆனால் சிலவற்றில் விசிறிச் சத்தம், இணைப்பில் என்றாவது ஒருநாள் கசிவு. ஐந்நூறு லிட்டருக்குக் கீழே அந்தத் தலைவலி தேவையில்லை.

ஏழாம் படி: கடையில்

சென்னைக் கொளத்தூர் மாதிரி மீன் கடைகள் நிறைந்த இடத்துக்குப் போனால் ஒரு வசதி, பெட்டியைத் திறந்து பார்க்க விடுவார்கள். பாருங்கள். தண்டு செராமிக்காக இருக்க வேண்டும். வெளியே தெரியும் ஸ்க்ரூ இரும்போ பித்தளையோ என்றால் வேண்டாம். "நல்ல தண்ணி, உப்புத் தண்ணி ரெண்டுக்கும் ஓடும்" என்று சொன்னாலும் சரி. பித்தளையில் இருக்கும் செம்பு கொஞ்சம் கரைந்தாலும் பவளம், நத்தை, இறால் எல்லாம் போய்விடும்.

லேபிளில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்க ஏசி பம்ப்பின் எண்கள் 60 ஹெர்ட்ஸில் அளந்தவை. அந்த லிட்டர் இங்கே வராது. மாற்று இம்பெல்லர் (உருளையும் இறக்கையும் சேர்ந்த பாகம்) தனியாகக் கிடைக்குமா, டிசி என்றால் கன்ட்ரோலரும் அடாப்டரும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கடைக்காரர் மழுப்பினால் அதுவே பதில்.

ஓட்டிக் காட்டச் சொல்லும்போது வாளித் தண்ணீரில் காட்டச் சொல்லுங்கள். "சும்மா ஒரு செகண்ட்" என்று வெறுங்காற்றில் ஓட்டிக் காட்டுவார்கள், தடுத்துவிடுங்கள். தண்டுக்கு எண்ணெயும் குளிர்ச்சியும் எல்லாம் தண்ணீர்தான். கடையின் இரைச்சலில் காது உதவாது. பம்ப்பைக் கையால் பிடித்துப் பாருங்கள். விரல் நுனியில் கூச்சம்போல் சீரான அதிர்வு இருந்தால் பரவாயில்லை. அதில் ஒரு தட்டல் கலந்திருந்தால் தண்டோ இறக்கையோ சரியில்லை.

எட்டாம் படி: பொருத்துவது

மாமியின் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது இந்தப் படிதான். புது பம்ப் வாங்குவதற்கு முன்பே, பழைய பம்ப்பை இப்படி மாற்றிப் பொருத்தியபோதே சத்தம் பெரும்பங்கு அடங்கிவிட்டது.

பம்ப்போடு வரும் ரப்பர் கால்களைக் கழற்றிவிடுங்கள். உப்புநீரில் சில மாதத்தில் அவை கட்டியாகி, அதிர்வை அப்படியே கண்ணாடிக்கு ஊட்டும். அதற்குப் பதில் கனமான, மெத்தென்ற சிலிக்கான் பாய் ஒன்றின்மேல் பம்ப்பை வையுங்கள். பம்ப் சம்ப்பின் எந்தச் சுவரையும் தொடக் கூடாது. ஒரு விரல் இடைவெளியாவது எல்லாப் பக்கமும் வேண்டும்.

அடுத்து, பம்ப்பின் வாயிலிருந்து நேராக பிவிசி பைப்பை ஒட்டவே கூடாது. நான் செய்த தவறு இதுதான். நடுவில் ஒரு ஜாண் நீளத்துக்கு மெல்லிய சிலிக்கான் ஹோஸ் போடுங்கள், லேசாக வளைந்து தளர்ந்திருக்கும்படி. விறைப்பாக இழுத்துக் கட்டினால் பயனில்லை. இறுக்க பிளாஸ்டிக் கிளிப். இரும்புக் கிளிப் எந்த ஸ்டெயின்லெஸ் என்றாலும் துருப்பிடிக்கும். பைப் அலமாரியின் பலகையைத் தாண்டும் இடத்தில் ஓட்டையைப் பெரிதாகப் போட்டு, சுற்றிலும் ஸ்பாஞ்ச் வளையம் செருகுங்கள். என் வீட்டில் பைப் அந்தப் பலகையில் உராய்ந்துகொண்டிருந்த இடம்தான் அலமாரியை வீணையின் குடம்போல ஆக்கியிருந்தது.

கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு யூனியன், அதாவது பைப்பை வெட்டாமல் திருகிப் பிரிக்கும் இணைப்பு. ஏசி பம்ப்பின் ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமென்றால் வெளியேறும் பக்கம் ஒரு வால்வு. உறிஞ்சும் பக்கம் எந்தத் தடையும் வைக்காதீர்கள், பம்ப் கரகரக்கும். வால்வு பிவிசியாக இருக்கட்டும். ஹார்டுவேர் கடைக்காரர் "இதுதான் சார் ஸ்ட்ராங்" என்று பித்தளை வால்வைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்.

டிசி கன்ட்ரோலரை சம்ப் இருக்கும் அலமாரிக்குள் மாட்டாதீர்கள். அலமாரிக்கு வெளியே, பக்கவாட்டில். எல்லா வயரும் பிளக்குக்குப் போகுமுன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து ஏறட்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்கான பாயிண்டுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்டை வெட்டும் ஸ்விட்ச்) இல்லாவிட்டால், பம்ப் வாங்கும் பணத்தில் முதலில் அதைப் போடுங்கள்.

ஒன்பதாம் படி: கரண்ட் போனால்?

போகும். அதனால் இப்போதே போய்விட்டதாக நினைத்து ஸ்விட்சை அணையுங்கள். நாசில் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், பைப் வழியாக மேல்தொட்டி தலைகீழாகச் சம்ப்புக்குள் வடியத் தொடங்கும், நாசில் காற்றை உறிஞ்சும்வரை. என் நாசில் 3 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது: 90 × 45 × 3, அதாவது 12 லிட்டர். மேல்தொட்டியிலிருந்து சம்ப்புக்குத் தண்ணீர் இறங்கும் டிரெயின் பைப்பில் இருப்பதும் சேர்ந்துகொள்ளும். அத்தனையும் சம்ப்பில் இடம்பிடிக்க வேண்டும். தண்ணீர் ஏறி நின்ற இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு, சம்ப்பின் விளிம்புக்கும் கோட்டுக்கும் நாலு விரல் இடைவெளி இருக்கிறதா பாருங்கள்.

நாசில் பைப்பில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 6 மி.மீ. துளை ஒன்று போட்டால், காற்று சீக்கிரம் புகுந்து வடிவது நின்றுவிடும். அந்தத் துளையில் நத்தை ஒன்று ஒருநாள் குடியேறும் என்பதால், சம்ப்பில் இடம் வைப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் செக் வால்வையும் நான் நம்புவதில்லை. சுண்ணாம்பு படிந்து பாதியில் சிக்கிக்கொள்ளும், ஓட்டத்துக்கும் தடை.

வீட்டு இன்வெர்ட்டரில் பம்ப்பை இணைப்பவர்களுக்கு: சதுர அலை இன்வெர்ட்டரில் ஏசி பம்ப் கரகரவென்று கத்தும், சூடாகும். சைன் அலை இன்வெர்ட்டர் வேண்டும். டிசி பம்ப்பின் அடாப்டர் பொதுவாக 100 முதல் 240 வோல்ட்வரை எதையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் லோ வோல்டேஜும் அதற்குப் பெரிய விஷயமில்லை.

பத்தாம் படி: சத்தத்தைத் தேடிப் பிடிப்பது

எல்லாம் முடிந்த பிறகும் சத்தம் இருந்தால், இரவு பதினொன்றுக்கு மேல் மின்விசிறியை அணைத்துவிட்டு உட்காருங்கள். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் பிடியைக் காதில் லேசாக வைத்து, நுனியால் ஒவ்வொரு இடமாகத் தொடுங்கள்: சம்ப் கண்ணாடி, பைப், அலமாரிப் பலகை. மெக்கானிக்குகள் பைக் எஞ்சினுக்குச் செய்வதுதான். ம்ம்ம் எங்கே உரக்கக் கேட்கிறதோ அங்கேதான் பம்ப் எதையோ தொட்டுக்கொண்டிருக்கிறது.

'களக் களக்' என்றால் அது பம்ப்பே இல்லை, மேலிருந்து வரும் டிரெயின். காற்றும் தண்ணீரும் ஒரே பைப்பில் மல்லுக்கட்டும் சத்தம். இதற்கு நல்ல தீர்வு ஹெர்பி என்று சொல்லப்படும் இரண்டு பைப் முறை. ஒரு டிரெயினில் கேட் வால்வு வைத்து, அதன் வாய் முழுக்க நீரில் மூழ்கி, காற்றே புகாதபடி கால் சுற்று கால் சுற்றாக மூட வேண்டும். இரண்டாவது பைப் கொஞ்சம் உயரத்தில், அவசரத்துக்கு மட்டும். அதற்கு வால்வே வைக்கக் கூடாது. இது அமைதியாக இருக்க வேண்டுமானால் பம்ப்பின் ஓட்டம் நாள்தோறும் ஒரே அளவில் இருக்க வேண்டும். வளைகோட்டின் கோடியில் திணறும் பம்ப்பால் அது முடியாது.

'ஸ்ஸ்ஸ்' என்ற உறிஞ்சலும் தொட்டியில் பொடிக் குமிழிகளும் வந்தால், தண்ணீர் ஆவியாகி சம்ப்பில் மட்டம் இறங்கியிருக்கிறது, பம்ப் காற்றைச் சேர்த்து இழுக்கிறது. ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். கோடையில் தொட்டிமேல் விசிறி வைத்தால் தினமும் சில லிட்டர் போகும், தானியங்கி டாப்-அப் வைப்பது நல்லது.

பிறகு உண்மையான ஓட்டத்தை அளந்துவிடுங்கள். நாசிலை நீர்மட்டத்துக்கு மேலே திருப்பி, மூன்று லிட்டர் ஜக்கை அதற்குக் கீழே பிடித்து, செல்ஃபோன் ஸ்டாப்வாட்ச். 1000 லிட்டர் ஓட்டம் என்றால் 11 விநாடியில் நிரம்பும். என் முதல் பம்ப் பெட்டியில் 4000 லிட்டர். வால்வு முழுக்கத் திறந்திருந்தபோதே ஜக் நிரம்ப ஆறு விநாடிக்கு மேல் எடுத்தது. அந்த விநாடிகளை நாள் போட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். 11 விநாடி 14 ஆனால் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது.

சுத்தம் செய்வது

ரீஃப் தண்ணீரில் கால்சியம் அதிகம். பம்ப்பின் சூடான மேற்பரப்பில் அது வெள்ளைச் சுண்ணாம்பாகப் படியும். உருளைக்கும் கூட்டுக்கும் இடையில் மெல்லிய இடைவெளிதான் இருக்கிறது. அது அடைபட்டதும் சத்தமும் வாட்டும் ஏறும், ஓட்டம் இறங்கும். எனக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை இது வருகிறது.

வாளியில் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி, பம்ப் முழுகும் அளவு. அதிலேயே பம்ப்பை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். வெள்ளைப் படிவம் நுரைத்துக் கரையும். அப்புறம் கழற்றி, உருளையை மெதுவாக நேராக இழுங்கள். செராமிக் தண்டு கத்தரிக்கோல் அளவு கடினம், பல்பக்குச்சி அளவு எளிதில் ஒடியும். பக்கவாட்டில் சாய்த்தால் 'டிக்'. பழைய டூத் பிரஷ்ஷால் கூட்டின் உட்புறத்தைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, தண்டின் இரண்டு முனையிலும் ரப்பர் மூடி இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். முதல்முறை ஒன்றை வாஷ் பேசினிலேயே விட்டுவிட்டு, ஏன் இப்படித் தட்டுகிறது என்று இரண்டு நாள் தேடினேன்.